மூன்று கால் பெட்டியும் சாமியம்மாளின் அரைக்காணியும்

சங்கரலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றி நான் அதிகம் பார்த்ததில்லை. சுரங்கத்தில் கரி போகிற பெல்ட்டுக்கு அவர் மெக்கானிக். அங்கே மஞ்சள் ஹெல்மெட் போட்டே தீர வேண்டும், சரி. ஆனால் மனுஷன் ஷிப்ட் முடிந்து மெயின் பஜாருக்குக் கத்திரிக்காய் வாங்கப் போவதும் அதோடுதான். கேட்டால் வெயில் என்பார். இருட்டின பிறகு என்ன வெயில் என்று நான் கேட்டதில்லை. எங்கள் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். வழுக்கையைப் பற்றிப் பேசிவிட்டு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அந்த ஹெல்மெட்தான் ஒரு ஊரையே ஒரு அறுவடை முழுக்க ஆட்டி வைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சேத்தியாத்தோப்புக்குப் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அந்தப் பக்கம் எனக்கு அடி விழும்.

சங்கரலிங்கம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அப்பா பாத்திரக்கடையில் வேலை பார்த்தவர். அரிவாள் பிடித்த கை அவர் வம்சத்திலேயே கிடையாது. அப்படிப்பட்டவருக்கு அறுவடையின் மேல் எங்கிருந்து காதல் வந்தது என்றால், மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் விட்டுப் போன கேமராவிலிருந்து வந்தது. மூன்று கால் ஸ்டாண்டோடு சேர்த்து வாங்கினார். கண்ணில் வைத்துப் பார்க்கிற கேமரா இல்லை. மேல்மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்க வேண்டும்.

“ஷிப்ட் பூரா கறுப்பையே பாக்குத கண்ணு சார். ஆப் நாள்லயாவது மஞ்சளப் பாக்கணும்” என்று என்னிடம் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த அன்று அவர் மனைவி பேச்சியம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் காலத்து ரோல், கறுப்பு வெள்ளை.

“மஞ்சளப் பாக்கணும்னு போயி, அதையும் கரியாக்கிட்டுல்லா வந்திருக்கிய” என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் ஆப் வரும். அதனால் ஸ்டாண்டைத் தூக்குகிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. தை பிறந்தால் போதும், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு என்று கண்ட பஸ்ஸில் ஏறுவோம். எங்கே ஜன்னலுக்கு வெளியே கதிர்க்கட்டு தெரிகிறதோ அங்கே இறங்குவோம். அவருக்கு ஒரே ஒரு குறை. கேமராவைப் பார்த்ததும் அறுக்கிறவர்கள் அத்தனை பேரும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றுவிடுவார்கள். “என்னைப் பாக்காதீங்க, வேலையப் பாருங்க” என்று கெஞ்சுவார். அவர்கள் இன்னும் விறைப்பாக நிற்பார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனுஷன் அழாத குறை.

அந்த ஊருக்கு நாங்கள் போன வருஷம்தான், இன்னொரு சுரங்கம் தோண்டப்போகிறார்கள், அதற்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது; ஆனால் எல்லா டீக்கடைக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து, தலையில் சுரங்கத்து மஞ்சள் ஹெல்மெட், கையில் பெட்டி, பின்னால் மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் என்று இவர் போய் வரப்பில் நின்றார். ஸ்டாண்டை ஊன்றினார். குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டித் தூரம் பார்த்தார். நிலம் அளக்க வந்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எங்களுக்கு இது தெரியவே ஓர் அறுவடை ஆயிற்று.

அன்று சாயங்காலமே டீக்கடைக்காரர் பாவாடை தலைமையில் ஊர் கூடியிருக்கிறது. பாவாடைக்கு நிலமும் உண்டு, வாயும் உண்டு. நிலத்தை எடுக்கத்தான் போகிறார்கள், எடுக்கிறவர்கள் விளைச்சலைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள், ஆகவே பார்க்க வருகிறவர் கண்ணில் விளைச்சல் கொட்டிக் கிடக்க வேண்டும் என்பது பாவாடையின் கட்சி. ஊரும் ஒப்புக்கொண்டது.

அடுத்த வாரம் போனபோது எங்களுக்கு நடந்த மரியாதை இருக்கிறதே! பஸ் நிற்கிற இடத்திலேயே ஆள் நின்றிருந்தது. “வாங்க சார், மொதல்ல நம்ம களத்தப் பாருங்க.” களத்தில் நெல் அம்பாரம் ஆள் உயரத்துக்கு. அதைச் சுற்றிக் கட்டுகள். போரடிக்க மாடுகள். பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு தூற்றிக்கொண்டிருந்தார்கள். முக்கியமாக, ஒருவர்கூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. நன்றாக வேலை நடக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்று பாவாடை உத்தரவு போட்டிருந்தார்! சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் சார் போட்டோன்னா என்னன்னு தெரியுது” என்றார்.

அந்தக் களத்தில் நாங்கள் மோர் குடித்து முடிப்பதற்குள், அதே நெல் வண்டியேறிக் குறுக்கு வழியாக அடுத்தவர் களத்துக்குப் போய்விடும். அங்கே நாங்கள் மெதுவாக நடந்து போய்ச் சேரும்போது மறுபடியும் ஆள் உயர அம்பாரம். மத்தியானம் பாவாடை வீட்டில் கோழிக்குழம்பு. சங்கரலிங்கம் சுத்த சைவம். தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அவர் பங்குக் கோழியை அவமரியாதை செய்யாமல் நான் கவனித்துக்கொண்டேன். வாராவாரம் கவனித்துக்கொண்டேன்.

பிரிண்ட் வந்தது. பேச்சியம்மாள் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ஏங்க, இந்த ஒத்தக்கொம்பு மாடு எல்லார் களத்துலயும் நிக்கே?”

“அது இந்தச் சீமை மாட்டு ஜாதி. எல்லாத்துக்கும் ஒரே கொம்புதான்.”

“அந்தப் புள்ளிச் சேலைக்காரியுமா ஒரு ஜாதி?”

சங்கரலிங்கம் படங்களை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கலையைப் பற்றி வீட்டில் பேசிப் பயனில்லை என்று மறுநாள் ஷிப்டில் என்னிடம் சொன்னார்.

இத்தனை நாடகத்துக்கும் சேராத ஒரே நிலம் ஏரிக்கரை ஓரத்தில் இருந்தது. சாமியம்மாளின் அரைக்காணி. அவளும் அவள் புருஷன் ராயப்பனும் பிறந்ததிலிருந்து அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள். அவர்கள் அப்பன் தாத்தாவும் அப்படியே. ராயப்பன் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் காண்ட்ராக்டில் மூட்டை தூக்கியும், இவள் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் சேர்த்து, அந்தக் குடும்பத்திலேயே முதல்முறையாக வாங்கிய மண் அது. நல்ல விலை வரும் என்று ஊர் ஆடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு விலையும் வேண்டாமாயிருந்தது. பெட்டி பார்த்த நிலம் போய்விடும், பார்க்காத நிலம் தப்பிக்கும் என்று அவள் நம்பினாள்.

சங்கரலிங்கத்தின் கண்ணோ அந்த அரைக்காணியின் மேலேயே இருந்தது. ஒரு தடவை தூரத்திலிருந்து எனக்குக் காட்டினார். கூலிக்கு அறுக்கிறவர்கள் குனிந்தால் வரிசை முடியும்வரை நிமிர மாட்டார்கள். அறுத்ததைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். சாமியம்மாள் அப்படியில்லை. ஒரு கை கதிர் அறுப்பாள், நிமிர்வாள், அறுக்காமல் நிற்கிற பயிரைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு குனிவாள். “அவ பாக்குதா பாருங்க, அத எடுக்கணும் சார்” என்றார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நாங்கள் ஏரிக்கரை ஏறியதும் அவள் அரிவாளைப் போட்டுவிட்டு, மாட்டு வண்டியில் சொருகியிருந்த தார்க்குச்சியை உருவிக்கொண்டாள்.

“யோவ்! பொட்டிய இந்தப் பக்கம் திருப்பினே, பொட்டியும் இருக்காது, உன் மஞ்சத் தொப்பியும் இருக்காது!”

“அம்மா, ஒண்ணே ஒண்ணு…”

“ஒண்ணுதான் இருக்குது, அதையும் குடுத்துட்டு எங்க போவ சொல்ற?”

நாங்கள் ஓடினோம். ஸ்டாண்டோடு வரப்பில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். அடுத்த வாரம் வேறு பக்கமாகப் போனோம். அங்கேயும் வந்து விரட்டினாள். கூச்சக்காரி என்று சங்கரலிங்கம் என்னிடம் விளக்கினார். அவளிடம் நான் பார்த்ததில் கூச்சம் ஒன்றுதான் இல்லை.

அறுவடை முடிகிற வாரம், சாப்பாடு ஆன பிறகு, பாவாடை வெற்றிலையை நீட்டி மெல்ல ஆரம்பித்தார். “எல்லாத்தையும் நல்லா பாத்துக்கினீங்க. இன்னா சார், நெலத்துக்கு நல்லபடியா எழுதிட்டீங்களா?”

“எந்த நிலத்துக்கு?” என்றார் சங்கரலிங்கம்.

பேசப் பேச இரண்டு பக்கமும் முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் பெல்ட் மெக்கானிக், நிலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அழகுக்காகப் படம் எடுக்கிறேன் என்று அவர் சொல்லி முடித்ததும் பாவாடை வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அயகுக்காவா?” என்றார் பாவாடை. “நெல்ல தெனம் ஊரு பூரா வண்டி கட்டி இஸ்துக்கினு போனோமே, அயகுக்காவா? அப்ப நாங்க அடிச்ச கோழி?”

எல்லாரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக என்னைக் காட்டினார்.

அன்றைக்கு நாங்கள் பஸ் பிடித்த வேகம் வேறு கதை. ஆனால் ஊர் கோபம் நீளவில்லை. மறுவாரம் அவர் எல்லா வீட்டுக்கும் ஒரு படம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். இல்லாத விளைச்சலோடு தங்கள் களத்தைப் பார்த்ததில் அவர்களுக்கும் சந்தோஷம்தான். கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒத்தக்கொம்பு மாடு அந்த ஊரில் பாதிச் சுவரில் நிற்கிறது.

சாமியம்மாளுக்கு விஷயம் தெரிந்தபோது கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள். “போட்டோ புடிக்கறவருன்னு சொல்லி இருந்தா நான் எதுக்குங்கண்ணா தொரத்தப் போறேன்? இந்த வருசம் அறுத்துட்டேன். வர்ற தைக்கு வாங்க, எத்தினி வேணும்னாலும் புடிச்சிக்குங்க” என்றாள். சங்கரலிங்கம் அந்த ஒரு வருஷமும் அந்தத் தைக்காகவே இருந்தார்.

தை வந்தது. அவள் பயிர் அறுப்புக்கு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம், சாமியம்மாள் தேடிப்பிடித்து எங்கள் பிளாக்குக்கே வந்துவிட்டாள். நல்ல புடவை, தலையில் பூ. நானும் சங்கரலிங்கம் வாசலில்தான் இருந்தேன்.

“உங்க ஆபீசு ஆளுங்க இன்னிக்கு வந்தாங்கண்ணா. உங்கள விட பெரிய பொட்டி, அதே மூணு காலு. காத்தால இருந்து கதிர கையில வெச்சிக்கினு நின்னேன். நல்லா குனிஞ்சி குனிஞ்சி பாத்தாங்க. போட்டோவ உங்ககிட்ட வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்” என்றாள்.

சங்கரலிங்கம் மெதுவாகக் கேட்டார். “கூட ஒரு ஆள் நீளமா கோடு போட்ட கட்டையப் பிடிச்சிட்டு நின்னானாம்மா?”

“ஆமாங்க, செவப்பும் வெள்ளையும். நம்ம வரப்புலதான் நின்னாரு. பாவம், வெயில்ல நிக்கறாருன்னு மோர் குடுத்தேன்.”

சங்கரலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவளுக்கு அது போதும், புத்திசாலி. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

“அப்ப அது போட்டோப் பொட்டி இல்லியா?”

“இல்லம்மா.”

“படம் புடிக்க வந்தவர தார்க்குச்சி எடுத்து வெரட்டினேன்” என்றாள். “நெலம் புடிக்க வந்தவனுக்கு பல்லக் காட்டிக்கினு நின்னு மோர் ஊத்திக் குடுத்தேனே!”

பேச்சியம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சாமியம்மாள் அழவில்லை. காபியைக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைக்கும்போது, “நாளைக்கும் வர்றாங்களாம். இன்னும் முடியலியாம்” என்றாள். பிறகு, “பேசாம நான் நாளைக்கும் போட்டோக்கு நிக்கறேன்” என்றாள். சொன்ன விதத்தைக் கேட்டு சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அன்று ராத்திரியே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மறுநாளைக்கு என்னையும் லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லி.

மறுநாள் நாங்கள் போனபோது அளக்க வந்தவர்கள் பெட்டியை ஊன்றியாகிவிட்டது. வேர்த்து விறுவிறுத்து ஒரு சர்வேயர், கோட்டுக்கட்டையோடு ஓர் ஆள், சங்கிலி இழுக்க இருவர். எந்த ஆபீஸ் என்பது நமக்கு வேண்டாம். சொன்ன வேலையைச் செய்ய வந்தவர்கள். அவர்களுக்கு எதிரே, சாமியம்மாள் ராத்திரியே வீடு வீடாகச் சொல்லிவைத்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நல்ல புடவையில், ஆளுக்கொரு கதிர்க்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றார்கள். ஊரில் ஓர் ஆணைக்கூடக் காணோம். நடுவில் சாமியம்மாள்.

சர்வேயர் பெட்டியைத் தெற்கே திருப்பினார். வரிசை தெற்கே நகர்ந்தது. “எங்கள வுட்டுட்டீங்களே சார்!” மேற்கே திருப்பினார். வரிசை மேற்கே வந்தது. “இந்தப் பக்கம்தான் சார் எனுக்கு மூஞ்சி நல்லா இருக்கும்.” அவர் கத்திப் பார்த்தார், கும்பிட்டும் பார்த்தார். இது போட்டோ இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, “பரவால்ல சார், கலர்ல இல்லன்னாலும் பரவால்ல” என்று புள்ளிச் சேலைக்காரி பதில் சொன்னாள்.

அப்போதுதான் அவர் கண்ணில் மஞ்சள் ஹெல்மெட் பட்டது. போன உயிர் வந்தது அவருக்கு. “சார், நீங்க மைன்ஸா? இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார். தள்ளி நின்னா போதும்.”

நான் ஸ்டாண்டோடு ஓர் அடி பின்னால் போனேன். வேலை பெர்மனென்ட்தான், ஆனாலும் யாராவது மேலே எழுதிப் போட்டால் யார் பதில் சொல்வது? சங்கரலிங்கம் “இதோ சார்” என்று மிகப் பணிவாகச் சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போனார்.

“உயரமானவங்கல்லாம் பின்னால போங்க. நீங்க கொஞ்சம் இடது பக்கம். ஆங், இன்னும் ஒரு அடி. கதிர்க்கட்ட நல்லா உசத்திப் பிடிங்கம்மா, முகத்துக்கு மேல வரட்டும்.” அவர் நகர்த்த நகர்த்த, பெட்டிக்கும் கோட்டுக்கட்டைக்கும் நடுவே கொஞ்சநஞ்சம் தெரிந்த சந்தும் அடைபட்டுப் போயிற்று. திரும்பிப் பார்த்து, “இப்ப சரியா சார்?” என்றார். ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்குக்கூட யாரும் அவ்வளவு பொறுமையாக ஆள் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. தானே போய்க் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு சாமியம்மாளின் வரப்பில் ஏறி நின்று, “தெரியுதா? தெரியுதா?” என்று பெட்டியிடம் நிறுத்தியிருந்த ஆளைக் கேட்டார். அந்த ஆள் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, “பூ தெரியுது சார்” என்றான். பெண்கள் சிரித்தார்கள். சங்கரலிங்கம் அந்த நேரத்தில்தான் தன் பெட்டியைத் திறந்து குனிந்தார்.

வெயில் உச்சிக்கு வந்ததும் அவர்கள் கட்டிக்கொண்டு போனார்கள். அறுப்பு ஆகட்டும், பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாமியம்மாள் அவர்களுக்கு அன்றும் மோர் கொடுத்தாள். அவர்கள் தலை மறைந்ததும் அரிவாளை எடுத்தாள். கதிர்க்கட்டைக் கீழே வைத்த பெண்கள் கூலி பேசாமல் அவளோடு இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அரைக்காணியும் அறுபட்டுக் களம் போய்ச் சேர்ந்தது.

சொன்னபடி அவர்கள் பிறகு வந்தார்கள். வெறும் நிலத்தை மறைக்க யாராலும் முடியாது. அளந்து, எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். கல்லுக்கு உள்ளே பாவாடையின் நிலம் இருந்தது, சாமியம்மாளின் அரைக்காணியும் இருந்தது. எப்போது எடுப்பார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் படம் வாங்க வந்தாள். சங்கரலிங்கம் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார். அவர் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். கதிரும் பெண்களும் சிரிப்புமாக நிறைந்து கிடந்தது. வலது ஓரத்தில், வரப்பின் மேல், கட்டையைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தபடி சர்வேயர். ஆனால் சாமியம்மாள் மட்டும் கேமரா பக்கமும் பார்க்கவில்லை, அவர் பக்கமும் பார்க்கவில்லை. திரும்பித் தன் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பயிரின் மேல் விரலை ஓட்டினாள். விரல் ஓரத்துக்குப் போய் நின்றது.

“இந்தாள மட்டும் வெட்டிடுங்கண்ணா.”

சங்கரலிங்கம் தயங்கினார். “அவரு உன் வரப்பு மேலல்லாம்மா நிக்காரு? அவர வெட்டினா அந்தப் பக்கத்து வரப்பும் சேந்து போயிரும்.”

“வரப்ப நான் பாத்துக்கறேங்க” என்றாள் சாமியம்மாள். “நீங்க அந்தாள வெட்டுங்க.”

பேச்சியம்மாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.